உறையூரில் ஒரு வினா: புறநானூறு 47இல் கோவூர் கிழாரின் உரைநெறி

வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுக்கும் நன்னூல், வினவுவோரின் நிலையையும் நோக்கத்தையுமே அளவுகோலாகக் கொள்கிறது. கேட்போர் மனத்தை வினா எவ்வாறு மாற்றுகிறது என்பது அப்பகுப்பின் பொருளன்று. அதனை ஆராய ஏற்ற சான்று புறநானூற்று 47ஆம் பாடல்.

இன்றைய திருச்சிராப்பள்ளி மாநகருள் அடங்கிய உறையூரே அப்பாடலின் களம். நலங்கிள்ளியிடமிருந்து அங்குப் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர் கிழார் பாடி உய்வித்தார் என்கிறது பழங்குறிப்பு. பாடலினுள்ளோ இளந்தத்தனின் பெயரும் இல்லை. ஒற்று என்ற சொல்லும் இல்லை. குறிப்பை நீக்கிப் படிப்பின் இது புலவர் வாழ்வின் பெருமிதம் கூறும் பாட்டாகவே நிற்கும். ஆகவே இங்குக் கூறப்படுவன அக்குறிப்பை ஏற்பதன்மேல் அமைவன.

ஐயத்திற்குக் காரணமான செயல், ஒரு மன்னனிடமிருந்து அவன் பகைவனின் ஊருக்கு வந்தமை. கோவூர் கிழார் அதனை மறுக்கவில்லை. வள்ளல்களை நாடிப் பறவைபோல் செல்லுதல், வழியின் நெடுமை கருதாது சுரம் பல கடத்தல், பெற்றதைச் சுற்றத்தார்க்கு ஊட்டி மகிழ்தல் என அச்செயலைப் புலமைத் தொழிலின் இயல்பாக முதலில் நிறுவிவிடுகிறார். அதன் பின்னரே, இவ்வாழ்க்கை பிறர்க்குத் தீங்கு அறிந்ததுண்டோ என வினவுகிறார். 'இல்லை' என்ற விடையையும் மறுசொல்லிலேயே தாமே தருகிறார்.

ஓகார வினாவே எதிர்மறையை உணர்த்துமாதலின் உடன்விடை மிகை எனலாம். மிகையன்று. மன்னனிடம் 'உண்டு' என்ற விடை ஆயத்தமாக இருந்தது. கொலைமுயற்சி அதன் விளைவே. வினாவைத் திறந்தே விட்டிருப்பின் அதுவே இளந்தத்தனுக்கு எமனாகியிருக்கும்.

வினாவின் எழுவாயும் கருதத்தக்கது. இளந்தத்தன் தீங்கு செய்தானோ என்று அவர் கேட்கவில்லை. பரிசில் வாழ்க்கையை அண்மைச் சுட்டால் சுட்டிக் கேட்கிறார். அச்சுட்டு வினவுவோரையும் உள்ளடக்குகிறது. இளந்தத்தன் குற்றவாளி எனின், எதிரே நிற்கும் கோவூர் கிழாரும் குற்றவாளியே. அவ்வாழ்க்கைக்கு மண்ணாளும் வேந்தரையொத்த தலைமையும் உண்டு எனத் தொடர்ந்து கூறும்போது, பேச்சு மன்றாட்டு நிலையைக் கடந்துவிடுகிறது.

சோழர் இருவரின் பகையைத் தணிக்கப் பாடிய 45ஆம் பாடலிலும், மலையமான் மக்களைக் காக்கக் கிள்ளிவளவனிடம் பாடிய 46ஆம் பாடலிலும் இவரே சந்து செய்கிறார். இரண்டிலும் வினா இல்லை. யானையைக் கண்டு அழுகையை மறந்த சிறுவரைக் காட்டியபின், விரும்பியது செய்க என முடிவை மன்னனிடமே விட்டுவிட அவரால் முடிந்தது. அச்சிறுவர்மேல் மறுக்கவேண்டிய குற்றச்சாட்டு எதுவும் இல்லை.