பர்ஸ் கிடைக்கவில்லை, பரவாயில்லை

கடம்பூர் என்றால் ரயிலில் போகிறவர்களுக்குப் போளி ஞாபகம் வரும். எனக்கு ஒரு ஜப்பான் பள்ளிக்கூடமும் சேர்ந்து வருகிறது. காரணம், ரயில் பெட்டி!

டோக்கியோவில் சொசாகு கோபயாஷி நடத்திய டோமோயி பள்ளியில் பழைய ரயில் பெட்டிகள்தான் வகுப்பறைகள். அங்கே படித்த டெட்சுகோ குரோயாநாகி 1981-ல் எழுதிய புத்தகம், 'டோட்டோ-சான்'. தமிழிலும் வந்து, நிறையப் பேர் பாராட்டிய புத்தகம்தான். பாராட்டிவிட்டு, மறுநாள் மார்க் வரிசைப்படி பேப்பர் கொடுக்கிறோமே, அதுதான் வேடிக்கை.

பிள்ளைகளுக்கு மனஉறுதி வேண்டும் என்று இப்போது ஸ்கூலுக்கு ஸ்கூல் பேச்சாளர்களைக் கூப்பிடுகிறார்கள். டெல்லி அரசு 2018-ல் மகிழ்ச்சிக்கென்றே தினமும் ஒரு வகுப்பு வைத்தது. நல்ல எண்ணம். ஆனால், அடுத்த பீரியட்டில் வாத்தியார், "நீயெல்லாம் எதுக்குடா ஸ்கூலுக்கு வர்றே?" என்று கேட்டால், அந்த மகிழ்ச்சி எத்தனை நிமிஷம் தாங்கும்?

கோபயாஷி பிரசங்கம் செய்யவில்லை. டோட்டோவின் பர்ஸ் கழிவறைக் குழியில் விழுந்துவிடுகிறது. அள்ளி அள்ளி வெளியே கொட்டித் தேடுகிறாள். ஹெட்மாஸ்டர் பார்க்கிறார். திட்டவில்லை, தடுக்கவும் இல்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவாயா என்று கேட்டுவிட்டுப் போகிறார். பர்ஸ் கிடைக்கவில்லை. டோட்டோவுக்கு வருத்தமும் இல்லை. தானே முயன்று பார்த்தாயிற்றே! புத்தகத்தின் உயிர் இந்த இடம்தான்.

விளையாட்டு விழாவில், உயரம் வளராத தகஹாஷி ஜெயிக்கிற மாதிரி போட்டிகளை அமைக்கிறார். ஏமாற்று வேலையா? இல்லை. உயரமானவனுக்குத் தோதாகப் போட்டி வைத்தால் அதை யாரும் ஏமாற்று என்பதில்லையே!

குறையும் உண்டு. ஐம்பது பிள்ளைகள் படித்த பள்ளி அது. நம் வகுப்பில் ஒரு டீச்சரிடமே அத்தனை பேர் இருப்பார்கள். அதற்கு இந்தப் புத்தகத்தில் விடை இல்லை. குரோயாநாகியின் நன்றிக்கண்ணுக்கு ஹெட்மாஸ்டரின் குறைகள் தெரிவதும் அபூர்வம்.

கரிசல் பிள்ளைகளுக்குத் 'தாங்கிக்கொள்' என்று யாரும் பாடம் நடத்த வேண்டாம். மானாவாரியில் உளுந்து போட்டு, மழை பொய்த்து, மறு வருஷமும் விதைக்கிற வீட்டிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். தப்பாகப் பதில் சொன்னால் சிரிக்காத வகுப்பு, திருத்தி எழுத இன்னொரு வாய்ப்பு. அவர்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் வாய்தான் நிறுத்தவில்லை. ரிசல்ட் நாளில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. வாயை அடக்குவது பெரிய காரியமா என்ன?