பொன்பரப்பியின் பானையும் கணினியின் கணிப்பும்

2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் நாள். அரியலூர் மாவட்டம் செந்துறையை அடுத்த பொன்பரப்பியில் நடுத்தெருவில் ஒரு பானை உடைக்கப்பட்டது. சிதம்பரம் தனித் தொகுதியில் நின்ற தொல். திருமாவளவனின் சின்னம் பானை. அதையொட்டி மூண்ட தகராறில் தலித் மக்களின் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டன. அந்தக் காட்சிகள் கைபேசிகளில் பரவின. மறுநாளே புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோவால் கலவரம் வெடித்து, 144 தடை உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இப்படி இணையத்தில் மனிதர்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கணினியைக் கொண்டு படிக்கும் துறை இன்று வேகமாக வளர்ந்திருக்கிறது. 'கணினிசார் சமூக அறிவியல்' என்று அதற்குப் பெயர். டேவிட் லேசரும் சக ஆய்வாளர்களும் 2009இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அந்தப் பெயர் நிலைபெற்றது. லட்சக்கணக்கான பதிவுகளைத் திரட்டி, எது கோபம், எது வெறுப்பு, எது பொய் என்று இயந்திரமே பிரித்துச் சொல்லும் என்பது அது தரும் நம்பிக்கை. கட்சிகளின் 'வார் ரூம்' முதல் காவல்துறையின் சமூக ஊடகக் கண்காணிப்பு வரை பலரும் இந்தக் கணிப்புகளை எதிர்பார்க்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் மனத்தை இந்த முறை எந்த அளவுக்குப் படிக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உண்மையான பலம். ஒரு செய்தி எங்கிருந்து கிளம்பி, எந்த வேகத்தில், யார் யார் வழியாகப் போகிறது என்பதைக் காண்பதில் கணினிக்கு நிகர் எதுவும் இல்லை. 2019 தேர்தல் காலத்தில் இந்தியாவின் அரசியல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய படங்களைக் கிரண் கரிமெல்லாவும் டீன் எக்கிள்ஸும் ஆராய்ந்தார்கள். ஒரே மாதிரியான படங்களைக் கணினி கொத்துக் கொத்தாகச் சேர்த்துத் தந்தது. பொய்ப் படங்களில் ஒரு பெரும் பகுதி புதிதாகத் தயாரித்தவை அல்ல. வேறெங்கோ, வேறெப்போதோ எடுத்த பழைய படங்கள். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய வீடியோக்களிலும் இதே கதைதான். சம்பந்தமே இல்லாத சம்பவங்களின் காட்சிகளைப் பீகார் தொழிலாளர்கள் மீதான தாக்குதல் என்று சுற்றவிட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட பொய்யை உடைக்க, படத்தோடு படத்தை ஒப்பிடும் இயந்திரத்தைவிட வேகமான வழி கிடையாது.

பரவலின் வேகம் உயிரையும் பறிக்கும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியைக் கூட்டம் அடித்துக் கொன்றது. நாடெங்கும் இப்படி உயிர்கள் போன பிறகு, அந்த ஜூலையில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. பிரேசில், இந்தியா, இந்தோனேசியா ஆகிய மூன்று நாட்டுத் தரவுகளைக் கொண்டு 2019இல் இதைச் சோதித்த ஆய்வு ஒன்று, வரம்பு பரவலைத் தாமதப்படுத்தும், ஆனால் தீயாய்ப் பரவும் செய்தியை முழுவதும் தடுக்காது என்றது. தாமதமே போதும் என்று இந்தக் கட்டுரை கருதுகிறது. காவல் நிலையத்திலிருந்து ஒரு ஜீப் கிராமத்துக்கு வந்து சேர ஓர் அரை மணி நேரமாவது வேண்டும்.

பரவலை விட்டுவிட்டுப் பொருளுக்கு வந்தால் நிலைமை தலைகீழாகிறது. தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும் பின்னூட்டங்களின் உணர்வை இயந்திரத்துக்குக் கற்றுத்தர, பாரதிராஜா சக்கரவர்த்தியும் சக ஆய்வாளர்களும் 2020இல் ஒரு தரவுத் தொகுப்பை வெளியிட்டார்கள். யூடியூபில் திரைப்பட டிரெய்லர்களுக்கு வந்த 15,744 பின்னூட்டங்கள். தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்து வகைப்படுத்தினார்கள். தமிழுக்கு அப்படியொரு தொகுப்பு வந்ததே பெரிய காரியம். அந்த உழைப்பைப் பாராட்டாமல் மேலே போக முடியாது. ஆனால் அந்தத் தொகுப்பில் 10,559 பின்னூட்டங்கள் பாராட்டு வகை. எதிர்மறையானவை 2,037 மட்டுமே. எதைக் கேட்டாலும் 'பாராட்டு' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் இயந்திரம்கூட நூற்றுக்கு அறுபத்தேழு மதிப்பெண் வாங்கிவிடும். கல்லூரித் திட்ட அறிக்கைகளில் 'துல்லியம்' என்று ஒற்றை எண்ணைப் பார்க்கும்போது, பின்னால் இப்படியொரு சாய்வு இருக்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல், ரசிகர் பேச்சில் கற்ற பாடத்தை ஊர்ச் சண்டையில் பயன்படுத்துவது. 'மரண மாஸ்', 'கொன்னுட்டாரு', 'தெறிக்க விட்டாங்க' எல்லாம் டிரெய்லருக்குக் கீழே பாராட்டு. அதே 'தெறிக்க விட்டாங்க' ஒரு தெருவில் வீடுகள் உடைபட்ட வீடியோவுக்குக் கீழே வந்தால் அது கொலைவெறி. மறுபக்கம், 2019 ஏப்ரலில் பொன்பரப்பிப் பக்கம் ஒருவர் 'பானை உடைஞ்சுது' என்று எழுதியிருந்தால், அதில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. வெறுப்புச் சொற்களின் பட்டியலை வைத்துத் தேடும் எந்த மென்பொருளும் அதைத் தாண்டிப் போயிருக்கும். செந்துறை டீக்கடையில் இருப்பவருக்கோ அந்த இரண்டு சொல்லே போதும். சாதிப் பெயரைச் சொல்லாமல் சாதியைப் பேசுவது நம் ஊர்களில் நாள்பட்ட பழக்கம். ஒரு வண்ணம், ஒரு சின்னம், ஒரு பட்டப்பெயர், ஒரு பாட்டின் பின்னணி இசை போதும். பொன்னமராவதியில் தீயைப் பற்றவைத்ததோ எழுத்தே அல்ல, ஆடியோ.

யார் பேசுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. செந்துறை வட்டாரத்துக் குழுமூரைச் சேர்ந்த அனிதா, திருச்சி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தவர். நீட் தேர்வை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017 செப்டம்பர் 1 அன்று அவர் இறந்ததும் அவர் பெயர் தாங்கிய ஹேஷ்டேக்குகள் டிவிட்டரை நிறைத்தன. அன்றைய பதிவுகளை எண்ணினால் தமிழகத்தின் கொதிப்பு தெரியும், மறுக்க முடியாது. ஆனால் அந்த எண்ணிக்கையில் குழுமூரின் கூலிக்காரப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆய்வாளர்கள் டிவிட்டரை அதிகம் படித்ததற்குக் காரணம், மக்கள் அங்கே இருந்தார்கள் என்பதல்ல. தரவு அங்கே எளிதாகக் கிடைத்தது என்பதுதான். அந்த வழியும் 2023இல் இலவசமாக இல்லாமல் போனது. இதற்கு நேர்மாறான ஒரு முறையும் தமிழகத்தில் நடந்திருக்கிறது. 2021இல் நீதிபதி ஏ.கே.ராஜன் குழு நீட்டின் பாதிப்பைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது 86,342 பேர் பதில் அனுப்பினார்கள். அதிலும் எழுதத் தெரிந்தவர், முனைப்புள்ளவர் என்ற சாய்வு உண்டு. ஆனாலும், தங்கள் கருத்து எதற்காகப் போகிறது என்று தெரிந்தே அவர்கள் எழுதினார்கள்.

தெரிந்து தருவதற்கும் தெரியாமல் எடுப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு சிறியதல்ல. 2012இல் ஃபேஸ்புக் 6,89,003 பயனர்களின் பக்கங்களில் மகிழ்ச்சியான அல்லது சோகமான பதிவுகளைக் குறைத்துப் பார்த்தது, அவர்களுக்குத் தெரியாமலே. 2018இல் மத்திய அரசு சமூக ஊடகங்களைக் கண்காணிக்க ஒரு மையம் அமைத்து, மாவட்டந்தோறும் ஆள் போடத் திட்டமிட்டது. உச்ச நீதிமன்றம் 'கண்காணிப்பு அரசு' போலாகிவிடுமே என்று கேட்ட பிறகு, ஆகஸ்ட்டில் திட்டம் கைவிடப்பட்டது. அது நடந்திருந்தால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் ஒவ்வொருவரின் மனநிலையும் அறிக்கையாகியிருக்கும், அந்த அறிக்கை தவறென்று சொல்ல அவருக்கு வழியில்லாமலே.

ஆக, செய்தியின் ஓட்டத்தைக் காட்ட இந்த முறையை நம்பலாம். மனிதரின் நோக்கத்தைத் தீர்மானிக்க நம்பக் கூடாது. இயந்திரம் 'வெறுப்பு' என்று குறித்ததை மட்டும் வைத்து ஒருவர் மீது வழக்குப் போடுவது அநியாயம். குறிக்கவில்லை என்பதற்காக ஊர் அமைதியாக இருக்கிறது என்று நம்புவது ஆபத்து.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பொறியியல் கல்லூரிகளும் அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்குள்ள கணினித் துறைகள் இறுதியாண்டுத் திட்டத்துக்கு ஆங்கிலத் தரவைப் பதிவிறக்கி மறுபடியும் அதே சோதனையைச் செய்ய வேண்டியதில்லை. தமிழ்த் துறை மாணவர்களையும், சேரியிலிருந்தும் ஊரிலிருந்தும் வருகிற பிள்ளைகளையும், பெண்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, இந்த வட்டாரத்துப் பேச்சை அவர்கள் கையாலேயே வகைப்படுத்தச் செய்யட்டும். எங்கே அவர்களுக்குள் கருத்து வேறுபடுகிறதோ அந்த இடங்களையும் அழிக்காமல் வெளியிடட்டும். கண்காணிப்பு மென்பொருள் வாங்கும் எந்த அரசுத் துறையும், அது தமிழில் எத்தனை முறை தவறியது என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.