கண் மட்டத்துக்கு மேலே

பனித்தூள் காற்றோடு சேர்ந்து தரையை ஒட்டி ஓடினால் 36. அதே தூள் எழுந்து, நிற்பவரின் கண் மட்டத்தைத் தாண்டிவிட்டால் 38. கனமாக அடித்தால் முறையே 37, 39. உலக வானிலை அமைப்பின் குறியீட்டு அட்டவணையில் 'இப்போதைய வானிலை' என்ற தலைப்பின் கீழ் 00 முதல் 99 வரை நூறு எண்கள் இருக்கின்றன. துருவ நிலையத்து வானிலை நோக்கர் அவற்றில் அடிக்கடி கையாள வேண்டியவை இந்த நான்கும். இவற்றுக்கு நடுவே போட்டிருக்கும் எல்லைக்கோடு எனக்கு அலுக்கவே அலுக்காதது. இத்தனை மீட்டர், இத்தனை சென்டிமீட்டர் என்று வகுத்திருக்கலாம். வகுக்கவில்லை. கண் மட்டம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள்.

ஏன் கண் மட்டம்? துருவத்தில் பனி எப்போதும் வானத்திலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. விழுந்து கிடப்பதையே காற்று கிளப்பிக்கொண்டு போகும். முழங்கால் வரை எழுந்தால் நோக்கருக்குத் தன் பூட்ஸ் தெரியாது. ஆனால் தூரம் அளந்து நட்ட கொடிக்கம்புகள் தெரியும், மேலே நீல வானம் தெரியும், திரும்பிப் போகவேண்டிய கதவும் தெரியும். மார்பு வரை எழுந்தாலும் அப்படித்தான். இன்னும் ஒரு சாண் எழுந்தால் கம்பும் இல்லை, கதவும் இல்லை. காற்று மாறவில்லை, குளிர் மாறவில்லை, அந்த ஒரு சாண்தான் மாறியது. அட்டவணை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. நோக்கரின் உடம்பையே அளவுகோலாக வெளியில் நிற்க வைத்துவிட்டார்கள். உயரமான ஒருவரும் குள்ளமான ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஏதோ ஒரு கணத்தில் ஒருவர் 36 என்றும் மற்றவர் 38 என்றும் எழுத நேரலாம். அதை நான் குறையாக நினைக்கவில்லை. அந்தக் கணத்தில் இருவருடைய வானிலையும் உண்மையிலேயே வேறு வேறுதான்.

இன்னும் கொஞ்சம் கீழே போனால் 76 வரும்: வைரத்தூள். மூடுபனி, தூறல், மழை, புழுதி என்று வறண்டு போகிற பட்டியலின் நடுவே இந்தச் சொல் கூச்சமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. 78 இன்னும் அழகு: தனித்தனியாக விழும் விண்மீன் வடிவப் பனிப்படிகங்கள். ஒரு சர்வதேசக் குழு கூடி, விவாதித்து, இந்தக் காட்சிக்கு ஓர் எண் தேவை என்று முடிவு செய்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

வைரத்தூளுக்கு மேகம் வேண்டாம். துருவக் குளிரில் தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு இழந்துவிடும். பனியை ஒட்டிய காற்று மேலே இருக்கும் காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். அந்தக் காற்றிலிருக்கும் சிறிதளவு ஈரம் நீர்த்துளி ஆகாமல் நேரே படிகமாக உறைகிறது. வெறும் வானத்திலிருந்து அறுகோணத் தகடுகளும் அறுகோணத் தூண்களும் மெல்ல இறங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்தால் கண்ணில் படாத அளவு. வெயில் பட்டால்தான் மினுக்கும். வெயில் படிகத்தின் ஒரு பக்கம் நுழைந்து, ஒரு பக்கம் விட்டு அடுத்த பக்கம் வெளியேறும்போது குறைந்தபட்சம் 22 டிகிரி வளைகிறது. அதனால் சூரியனைச் சுற்றி 22 டிகிரி ஆரத்தில் ஒரு வட்டம். நிலாவுக்குக் கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் ஊரில் சொல்கிற அதே வட்டம்தான். உட்புற விளிம்பு கூர்மையாக, லேசான சிவப்போடு இருக்கும். வெளிப்புறம் வெளுத்துக் கரைந்துபோகும். வட்டத்துக்கு உள்ளே வானம் சற்று இருண்டிருக்கும். தகடுகள் மட்டமாக மிதந்தால் சூரியனின் இரு பக்கமும் இரண்டு பொய்ச் சூரியன்கள். அளக்கக் கருவி கையில் இல்லாவிட்டாலும் கையை நீட்டி விரல்களை விரித்தால் போதும். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை ஏறக்குறைய அதே கோணம்.

இதை வரைந்து வைத்தவர் எட்வர்ட் வில்சன். ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் அறிவியல் குழுவின் தலைவராகவும் விலங்கியலாளராகவும் போனவர். 1911 ஜூனில், சூரியனே இல்லாத மாதத்தில், எவன்ஸ் முனையில் நிலாவைச் சுற்றி எழுந்த வட்டங்களையும் பொய் நிலாக்களையும் அவர் பார்த்தார். வெளியே வர்ணம் உறைந்துவிடும். அதனால் பென்சிலால் கோடு மட்டும் இழுத்து, நிறங்களின் பெயர்களை எழுத்தில் குறித்துக்கொண்டு, குடிசைக்குள் அசெட்டிலீன் விளக்கடியில் உட்கார்ந்து தீட்டுவது அவர் வழக்கம். பார்க்கும்போதே நிறத்தைச் சொல்லாக மாற்றி, பிறகு சொல்லை நிறமாகத் திருப்பிய ஓவியங்கள் அவை. அதனால்தானோ என்னவோ, அவற்றில் ஒரு தூரிகைத் தீற்றுக்கூட நிச்சயமின்றி இருப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.

தென்துருவப் புள்ளியிலேயே இருக்கும் அமுண்ட்சன்–ஸ்காட் நிலையத்தில் எந்தப் பக்கம் காற்று வீசினாலும் அது வடக்கிலிருந்து வருவதுதான். ஆகவே அங்கே கிரீனிச் தீர்க்கரேகையை வடக்கு என்று வைத்துக்கொண்டு காற்றின் திசையை எழுதுகிறார்கள். சாமர்த்தியமான ஏற்பாடு, அவ்வளவுதான். எனக்கு அதைவிட மனதில் நிற்பது வெயில்மானி. ஒரு கண்ணாடிக் கோளம், அதன் பின்னால் வளைந்த ஓர் அட்டை. கோளம் வெயிலைக் குவித்து அட்டையில் சுடும். சூரியன் நகர நகர, கருகிய கோடும் நகரும். மேகம் மறைத்தால் கோடு அறுந்துபோகும். ஜான் பிரான்சிஸ் கேம்பல் 1853-இல் மரக்கிண்ணத்தில் செய்து பார்த்ததை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1879-இல் செம்மைப்படுத்தினார். எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்பதை வெயிலே எழுதிக் கொடுத்துவிடுகிறது. நம்மூர் ஆய்வு மையங்களுக்கு ஒரு கோளம் போதும். துருவத்துக் கோடையில் சூரியன் மறையாமல் தலையைச் சுற்றி வருகிறது. பாதி நேரம் அட்டையும் தாங்கியுமே வெயிலை மறித்துவிடும். அதனால் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு கோளங்கள். ஒன்று எழுதி முடிக்கும் இடத்தில் மற்றது தொடங்கும்.

குளிர்காலம் வந்தால் இதெல்லாம் ஓய்ந்துவிடும், நோக்கருக்கு மட்டும் ஓய்வில்லை. மாதக்கணக்கில் இருட்டு. ஆனாலும் வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கில் மேகம் என்று எழுதியாக வேண்டும். விளக்கொளியிலிருந்து வெளியே வந்த கண்ணுக்கு வானம் வெறும் கறுப்பு. சில நிமிடம் அசையாமல் நின்று கண்ணைப் பழக்கிக்கொள்ள வேண்டும். பிறகு மேகத்தைப் பார்க்க முடியாது. விண்மீன்கள் எங்கே இல்லை என்று பார்க்க வேண்டும். மைனஸ் ஐம்பதில் நின்று, இல்லாததைக் கணக்கெடுத்து, ஓர் ஒற்றை இலக்கத்தை எழுதிவிட்டு உள்ளே போவார். அந்த இலக்கத்தில் நின்ற நேரம் தெரியாது.

இப்படிப்பட்ட இலக்கங்கள் என்ன செய்ய வல்லவை என்பதற்கு ஹேலி நிலையம் சாட்சி. பிரிட்டன் 1956-இல் பிரண்ட் பனித்தட்டின்மேல் அமைத்தது. அங்கே ஓசோனை அளக்க டாப்சன் கருவி இருந்தது. சூரியனிலிருந்து வரும் புற ஊதா ஒளியில் இரண்டு அலைநீளங்களை அது ஒப்பிடும். ஒன்றை ஓசோன் பெரிதும் விழுங்கும், மற்றதைச் சிறிதே விழுங்கும். நோக்கர் ஒரு வட்டத்தட்டைத் திருகித் திருகி முள்ளைச் சமநிலைக்குக் கொண்டுவந்து எண்ணைப் படிப்பார். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் நிலா வெளிச்சத்தை வைத்தும் அளக்கலாம். கிடைப்பது டாப்சன் அலகு. தலைக்கு மேலே வானம் முழுவதும் பரவியிருக்கும் ஓசோனையெல்லாம் தரைக்குக் கொண்டுவந்து, கடல்மட்ட அழுத்தத்தில் 0 டிகிரியில் விரித்தால், 100 அலகுக்கு 1 மில்லிமீட்டர் தடிமன் வரும். 300 அலகு என்றால் 3 மில்லிமீட்டர்: இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கின உயரம்.

ஹேலியில் ஐம்பதுகளின் பிற்பகுதியில் அக்டோபர் சராசரி 300 அலகுக்கு அருகில். 1984 அக்டோபரில் 200-ஐ ஒட்டி. ஜோ பார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் 1985 மே மாதம் 'நேச்சர்' இதழில் அதை வெளியிட்டார்கள். ஷாங்க்ளின் வேலைக்குச் சேர்ந்தபோது அவரிடம் கொடுக்கப்பட்டவற்றில் ஒன்று, கையெழுத்துத் தாள்களில் தேங்கிக் கிடந்த அளவுகளைக் கணினியில் ஏற்றுவது. பொதுமக்கள் பார்வைக்கு அலுவலகத்தைத் திறக்கும் நாளுக்காக, ஓசோன் அப்படியேதான் இருக்கிறது என்று காட்டத்தான் அந்த எண்களை எடுத்தார். எண்கள் வேறு சொல்லின. ஆண்டுக்கு ஆண்டு ஆள் மாறிய இடம் ஹேலி. பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள் வந்து தட்டைத் திருகி, எண்ணை எழுதிவிட்டு ஊர் திரும்பினார்கள். ஒருவர் கைக்கும் அடுத்தவர் கைக்கும் இடையே முறை பிசகியிருந்தால் அந்தச் சரிவைக் கருவியின் கோளாறு என்று ஒதுக்கியிருப்பார்கள். பிசகவில்லை. 1987-இல் ஓசோனைக் காக்க மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது.

ஓசோன் ஓட்டைக்குக் காரணம் தேடி 1986-இல் மெக்மர்டோ நிலையத்துக்கு ஓர் ஆய்வுக் குழுவை நடத்திப் போனவர் சூசன் சாலமன். அங்கிருந்து எவன்ஸ் முனை அதிகத் தூரமில்லை. ஸ்காட்டின் மரக்குடிசை இன்றும் நிற்கிறது. ஓசோன் வேதியியலில் பெயர் பெற்ற அவர், பிற்பாடு அந்தக் குடிசைக்காரர்களின் வானிலைப் பதிவுகளுக்குள் போனார். நானும் அவர் பின்னாலேதான் போனேன்.

குடிசையின் வானிலையாளர் ஜார்ஜ் சிம்ப்சன், சிம்லாவில் இந்திய வானிலைத் துறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் மூலைக்கு மட்டும் ஒரு தனி உலகம். சிறு கருவி கட்டிய பட்டு பலூனை விடுவார். கூடவே மைல் கணக்கில் மெல்லிய பட்டு நூல் அவிழ்ந்துகொண்டே போகும். மெதுவாகக் கனலும் திரி கருவியை அறுத்துவிட்டதும், பனிமேல் கிடக்கும் நூலைத் தொட்டுத் தொட்டு நடந்து போய்க் கருவியை எடுத்து வரவேண்டும். குடிசைக்கு வெளியே தள்ளி வைத்த வெப்பமானிப் பெட்டிகளுக்கு ஆர்ச்சிபால்ட், பெர்ட்ரம், கிளாரன்ஸ் என்று அகர வரிசையில் பெயர். பெயர் விளையாட்டு, போய்ப் படிப்பது விளையாட்டில்லை. 1911 ஜூலை 4 அன்று பனிப்புயலில் உறைகடல்மேல் இருந்த வெப்பமானியைப் படிக்கப் புறப்பட்ட மருத்துவர் அட்கின்சன் வழி தவறி, நள்ளிரவை ஒட்டித்தான் திரும்பினார், ஒரு கை பனிக்கடியில் வீங்கிப்போய். அட்டவணையின் 39 என்ற எண்ணுக்குள் இருப்பது அந்தக் கை.

குடிசைக்காரர்களில் ஒருவரான ஹென்றி போவர்ஸ் அதே நாட்களில் வேறிடத்தில் இருந்தார். வில்சன், செர்ரி-காரார்டு இருவரோடும் பெங்குவின் முட்டை தேடிக் குரோசியர் முனைக்கு, நடுக்குளிர்கால இருட்டில். உயரம் 5 அடி 4 அங்குலம்தான். அவருடைய கண் மட்டம் மற்றவர்களுடையதைவிடத் தாழ்ந்தது. வழிநெடுக வானிலைக் குறிப்பு அவர் பொறுப்பு. எழுதக் குனிந்தால் மூச்சு தாள்மேல் பட்டு ஏடுபோல் உறைந்துவிடும். அதன்மேல் பென்சில் பிடிக்காது. எழுத வேண்டியது காற்றின் வேகம், மேகம், வெப்பநிலை. ஜூலை 6 அன்று மைனஸ் 77.5 பாரன்ஹீட், அதாவது மைனஸ் 60.8 செல்சியஸ். தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த ஐந்தைப் பாருங்கள். உயிர் பிழைப்பதே கேள்வியாக இருந்த இரவில் அரை டிகிரியை விட்டுக்கொடுக்காத கை.

அடுத்த ஆண்டு துருவத்துக்குப் போய்த் திரும்பும் வழியிலும் அவர்தான் எழுதினார். 1912 நவம்பர் 12 அன்று தேடிப் போனவர்கள் கூடாரத்தைக் கண்டபோது, ஸ்காட், வில்சன், போவர்ஸ் மூவரின் உடல்களோடு மார்ச் 13 வரை எழுதப்பட்ட வானிலைப் பதிவேடும் இருந்தது. சிம்ப்சன் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, முதல் தொகுதி 1919-இல் கல்கத்தாவில் அச்சாகி வந்தது.

எண்பதுகளில், அவர்கள் திரும்பி நடந்த பனித்தட்டின்மேல் தானியங்கி வானிலை நிலையங்கள் நடப்பட்டன. பல ஆண்டு அளவுகள் சேர்ந்தபின், சாலமனும் சார்லஸ் ஸ்டெர்ன்ஸும் 1999-இல் போவர்ஸின் பதிவையும் ஸ்காட்டின் நாட்குறிப்பில் இருந்த வெப்பநிலைகளையும் அவற்றோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பழைய வெப்பமானிகள் புறப்படுமுன் லண்டனுக்கு அருகே கியூ ஆய்வகத்தில் சரிபார்க்கப்பட்டவை. ஆகவே ஒப்பிட முடிந்தது. 1912-இன் பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் மூன்று வாரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளின் குறைந்தபட்ச வெப்பநிலையும் சாதாரண ஆண்டைவிட 10 முதல் 20 பாரன்ஹீட் டிகிரி கீழே இருந்திருக்கிறது.