கூடிப் பேசுவதும் பார்ப்பதும்

ஃபிலிம் சொஸைட்டிகளில் படம் முடிந்து விளக்குப் போட்டதும் நடப்பதைப் பெரும்பாலும் விவாதம் என்று சொல்ல முடிவதில்லை. டிஸிகாவின் 'பைசிக்கிள் தீவ்ஸ்' (1948) படத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் போருக்குப் பிந்திய இத்தாலியின் வேலையின்மை என்கிறார். இன்னொருவர் மனிதாபிமானம் என்கிறார். இரண்டும் தப்பில்லை. படத்தைப் பார்க்காமலேயே சொல்லிவிடக்கூடியவை, அவ்வளவுதான்.

படத்தில் இருப்பது வேறு. அடகிலிருக்கும் சைக்கிளை மீட்க, மனைவி கட்டிலிலிருந்து விரிப்புகளை உருவிக் கொடுக்கிறாள். அடகுக்கடை ஊழியர் அந்த மூட்டையைச் சுமந்துகொண்டு அலமாரியில் ஏறுகிறார். ஏறிக்கொண்டே போகிறார். காமிராவும் பின்தொடர்ந்து நிமிர்கிறது. தட்டுத் தட்டாக மற்ற வீடுகளின் மூட்டைகள். வசனமில்லை. ஒரு நகரத்தின் வறுமை சில விநாடிகளில் கணக்கெடுக்கப்பட்டுவிடுகிறது. அடகுச் சீட்டு எழுதிப் பழகிய கைக்கு இது உடனே உறைக்கும். இலக்கியம் மட்டும் படித்த கண் கதையின் அவசரத்தில் தாண்டிவிடும். கூடிப் பேசுவதற்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

1947இல் ஸத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொஸைட்டியை ஆரம்பித்தபோது, ஒரு படத்தை மறுபடி பார்ப்பதே துர்லபம். புத்தகம் போலப் பக்கத்தைத் திருப்ப முடியாது. நாலு பேர் ஞாபகத்தைச் சேர்த்துத்தான் ஒரு காட்சியை மீட்டாக வேண்டும். ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) இந்தப் பழக்கத்துக்குப் பிறகு வந்தது. இன்று கைபேசியிலேயே நிறுத்தி, திருப்பிப் பார்க்கலாம். ஆகவே சேர்ந்து பேச வேண்டியதில்லை என்ற எண்ணம் நம்மிடையேகூட வந்துவிட்டது. ஞாபகத்தின் குறை இதனால் தீரலாம். ஆனால் எங்கே நிறுத்துவது? ஏற்கெனவே கண்ணில் பட்ட இடத்தில்தான் ஒருவன் நிறுத்துவான். தாண்டிப் போன இடத்தைக் காட்ட இன்னொருவன் வேண்டும்.

கடைசிக் காட்சியில், திருடிப் பிடிபட்டு அவமானப்பட்ட தகப்பனின் கையைப் பையன் பற்றிக்கொள்கிறான். மன்னிப்பு என்று சொல்லிவிடுகிறோம். மன்னிப்பா, பயமா, கூட்டத்தில் எந்தக் குழந்தையும் செய்வதா? படம் தீர்ப்புச் சொல்வதில்லை. அந்த அவசரம் நம்முடையது. 'டைரக்டர் என்ன சொல்ல வருகிறார்?' என்ற கேள்வியை ஒரு மாலையாவது தள்ளிவைத்து, 'என்ன பார்த்தீர்கள்?' என்று கேட்கலாம். பதில் சொல்லச் சிரமமாக இருக்கும். விவாதம் அங்கே ஆரம்பிக்கும்.