வைனில் ஓடும் டேலி

பெங்களூரின் ஓசூர் சாலையில் பொம்மனஹள்ளியை ஒட்டிய ஹொங்கசந்திராவில்தான் டேலியின் தலைமையகம். 1986இல் எஸ்.எஸ். கோயங்காவும் அவர் மகன் பாரத் கோயங்காவும் தொடங்கிய இந்தக் கணக்கு மென்பொருள் முதலில் டாஸில் ஓடியது, பிறகு விண்டோஸுக்கு வந்தது, அங்கேயே தங்கிவிட்டது. லினக்ஸுக்கென்று டேலி கிடையாது. இதற்கிடையில் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி பல பழைய கணினிகளில் இல்லை. நன்றாக ஓடும் பெட்டியை எடைக்குப் போட மனமில்லாத கடைக்காரருக்கு, ‘லினக்ஸ் போட்டு, வைனில் டேலியை ஓட்டுங்கள்’ என்ற யோசனை சுலபமாகக் கிடைக்கிறது.

விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டவைக்கும் வைன் 1993இல் பிறந்தது; அடுத்த ஆண்டிலிருந்து அலெக்ஸாண்டர் ஜூலியார் அதை வழிநடத்துகிறார். ‘இந்தக் கோப்பைத் திற’, ‘இந்தச் சாளரத்தை வரை’ என்று நிரல் விண்டோஸிடம் கேட்பதை இடையில் வாங்கி, லினக்ஸ் செய்யக்கூடிய வேலையாக மாற்றித் தருகிறது. நிரலின் கட்டளைகள் நேராகப் பிராசஸரிலேயே ஓடுவதால் வேகம் அவ்வளவாகக் குறையாது. விண்டோஸ் உரிமத்துக்கும் செலவில்லை. மாறாக, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினியில் விண்டோஸை நிறுவினால் நினைவகமும் உரிமமும் தனியாக வேண்டும்.

வைனின் உண்மையான பெருமை பழைய மென்பொருளில்தான் தெரிகிறது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களைத் தொடவே தொடாது. வைன் 64 பிட் லினக்ஸிலும் அவற்றை ஓட்டிக் காட்டும். தொண்ணூறுகளின் டாஸ் நிரல்களுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. சொந்த விண்டோஸே கைவிட்ட நிரல்களை அந்நியர்கள் பராமரிக்கும் வேடிக்கை இது. வழக்கு, பாகப்பிரிவினை என்று பழைய கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. மூடிய கணக்கு இனி மாறாது. ஒருமுறை திறந்தால் நாளையும் திறக்கும்.

நடப்புக் கணக்கு அப்படியல்ல. 2023 ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மின்விலைப்பட்டியல் போட்டாக வேண்டும். விதி மாறும்போதெல்லாம் டேலியும் புதுப் பதிப்பு விடுகிறது. நேற்றுவரை வைனில் ஓடியது, அந்தப் பதிப்பைப் போட்டதும் மக்கர் செய்யலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் பாடு இன்னும் மோசம்: விண்டோஸுக்கான டிரைவரை வைன் ஏற்காது, லினக்ஸ் டிரைவர் இருந்தாலும் வைனுக்குள் ஓடும் நிரலுக்கு அது தட்டுப்படும் என்று உறுதியில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி நாளில் இது நடந்தால் யாரைக் கேட்பது? டேலி விண்டோஸுக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. வைனை எழுதுபவர்கள் உங்கள் அபராதத்துக்குப் பொறுப்பல்ல. வைனை வைத்தே செய்த, காசு கொடுத்தால் ஆதரவு தரும் கோட்வீவர்ஸின் கிராஸ்ஓவர் உண்டு. ஆனால் டேலி அடுத்து எதை மாற்றும் என்பது அவர்கள் கையிலும் இல்லை.

வைன் நன்றாக ஓடுவதிலும் ஒரு கேடு உண்டு. 1992இல் ஐபிஎம்மின் ஓஎஸ்/2 2.0 விண்டோஸ் நிரல்களையும் ஓட்டியது. அதற்கெனத் தனியாக எழுத வேண்டிய அவசரம் மென்பொருள் நிறுவனங்களுக்கு இல்லாமல் போனது. லினக்ஸ் விளையாட்டுகளிலும் இதே கதைதான்: 2018இல் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாக வைத்து புரோட்டானை வெளியிட்ட பின், லினக்ஸ் பதிப்பு எதற்கு என்று கேட்பது விளையாட்டு நிறுவனங்களுக்கு எளிதாகிவிட்டது. ஆனாலும் புரோட்டான் பயனாளியைத் தவிக்க விடுவதில்லை. ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை விற்பது வால்வ்; அதில் விளையாட்டு ஓடாவிட்டால் இழப்பும் வால்வுக்கே. கணக்கு மென்பொருளுக்கு அப்படி ஒரு முதலாளி இன்னும் வரவில்லை.

அதனால் அன்றாட பில்லுக்கு வைனை நம்பச் சொல்ல என்னால் முடியாது. அதற்குப் பதில், அமேசான் மேகத்தில் ஓடும் டேலியை டேலி நிறுவனமே வாடகைக்குத் தருகிறது. வாடகை போய்க்கொண்டே இருக்கும், இணையம் அறுந்தால் வேலையும் நிற்கும். ஆனால் அங்கே கோளாறு என்றால் போன் போட்டுச் சண்டை பிடிக்க ஓர் ஆளாவது உண்டு.