கல்லில் இல்லாத பெயர்கள்

தமிழ்நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில், பழைய கட்டடச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். 1914 முதல் 1919 வரையிலான பெரும் போருக்கு இவ்வூரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லும். பெயர்? ஒன்றுகூட இருக்காது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியப் படையின் சிப்பாய்களைத் தேடிப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது இந்தக் கல்லில்தான்.

அதே காலத்து வெள்ளைக்காரரைத் தேடுவது எளிது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் வரிசையாகக் கிடக்கின்றன. அதற்கும் முந்தைய கிழக்கிந்தியக் கும்பெனியின் சோல்ஜர் எந்தக் கப்பலில் ஏறினான் என்பதுவரை கிடைக்கும். தளபதிகளின் புகழ்ப்பாட்டாக இருந்த படை வரலாற்றில் சாதாரண ஆளுக்கு இடம் வாங்கித் தந்தது, தாத்தாவைத் தேடிப் போன இத்தகைய குடும்ப வரலாற்று ஆர்வலர்களின் உழைப்பு. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஆவணம் யாரைப் பொருட்படுத்தியதோ அவரையே ஆய்வும் பொருட்படுத்துகிறது. அந்தப் போரில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் எழுப்பிய பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சிப்பாய்களுக்குப் பொறித்தது எண்ணிக்கை. இந்தப் பாகுபாட்டைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021இல் ஒப்புக்கொண்டது.

சிப்பாயின் குரல் என்று நாம் கொண்டாடும் கடிதங்களையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போரில் பிரான்சிலிருந்து எழுதப்பட்டவற்றில் பல, எழுதத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தவை. தணிக்கை அலுவலகம் அவற்றில் சில பகுதிகளை மட்டும் ஆங்கிலமாக்கி வைத்தது. நாம் படிப்பது அந்த ஆங்கிலத்தை. கடிதம் உடைத்துப் பார்க்கப்படும் என்பது சிப்பாய்க்கும் தெரியும். கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஒருவர் எழுதினால், இந்தியர்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஊர் புரிந்துகொள்ளும். செம்மிளகு வெள்ளைக்காரன். இவற்றை நேரடி வாக்குமூலமாக மேற்கோள் காட்டும் ஆய்வாளர்மீது எனக்குச் சலிப்பு உண்டு. எழுதியவர், மொழிபெயர்த்தவர், தணிக்கை செய்தவர் மூவரையும் தாண்டித்தான் அந்த மனிதரிடம் போக முடியும்.

பெயர்கள் எங்குமே எழுதப்படவில்லை என்பதும் சரியல்ல. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த, முதல் உலகப் போருக்குப் போன பஞ்சாபியரின் பதிவேடுகளில் சுமார் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக இருந்தது. அவற்றின் ஒரு பகுதி 2021இல்தான் இணையத்துக்கு வந்தது. அத்தனை காலம் அங்கே இல்லாதது தேடிய கை.

சரி, ஊர் நினைவை நம்பலாமா? ‘பட்டாளத்தார் வீடு’ என்ற பெயர் மூன்று தலைமுறை நிற்கும். ஆனால் சொல்லச் சொல்லச் சிப்பாய் சுபேதார் ஆகிவிடுவார், மெசபடோமியா பர்மாவாகிவிடும். என்றாலும் தேடலை அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து தொடங்குவதே சரி. பதிவேட்டில் பத்து முனுசாமி இருப்பார்கள். நம்மவர் யார் என்பதை அப்பா பெயரும் ஊரும்தான் சொல்லும். அவை திண்ணையில் கிடைக்கும்.

உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் பழைய போர்ப் பதக்கம் இருந்தால், வெள்ளிக்கடையில் எடை போடுவதற்கு முன் அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் சின்ன எழுத்தில் வெட்டியிருக்கும்.