மயில்கழுத்தைத் திரைக்குள் அடக்குவது

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பட்டு எடுக்க வருபவர்கள், நிறத்தை முடிவு செய்கிற நேரத்தில் புடவையோடு கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். "வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்மா" என்று கடைக்காரரே சொல்வார். டியூப்லைட்டில் ஒரு நிறம், பகலில் ஒரு நிறம் என்பது பட்டு கட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். பெங்களூரிலோ டொரான்டோவிலோ உட்கார்ந்து ஆன்லைனில் வாங்குபவருக்கு அந்த வாசல் கிடையாது. கைபேசியில் தெரிகிற படத்தை நம்பித்தான் அவர் பணம் கட்டுகிறார். அதனால்தான் ஒரு பட்டுப்புடவைப் படம் நன்றாக வந்திருந்தால் நான் நின்று பார்ப்பேன். அதற்குப் பின்னால் நெசவுக்குச் சற்றும் குறையாத ஒரு பொறுமை இருக்கிறது.

டிஜிட்டல் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் உண்டு. வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. பச்சை 255 என்றால் எந்தப் பச்சை? அதைச் சொல்வதுதான் நிறவெளி. 1996இல் ஹெச்.பி.யும் மைக்ரோசாஃப்டும் அன்றைய கண்ணாடிக்குழாய் மானிட்டர்களை மனதில் வைத்து எஸ்.ஆர்.ஜி.பி.யை வகுத்தன, 1999இல் அது சர்வதேசத் தரமானது. 1998இல் வந்த அடோபி ஆர்.ஜி.பி. அச்சு வேலைக்கு ஏற்றபடி பச்சைப் பக்கம் அகலமானது. ஆப்பிளின் டிஸ்ப்ளே பி3, 2015இல் ஐமேக்கிலும் அடுத்த ஆண்டு ஐபோன் 7இலும் வந்து, எஸ்.ஆர்.ஜி.பி.யைவிடச் சிவப்பிலும் பச்சையிலும் கொஞ்சம் கூடுதல் இடம் தந்தது. இணையத்தில் போடும் படத்துக்கு எது என்று கேட்டால் எஸ்.ஆர்.ஜி.பி. என்றுதான் சொல்வேன். மூன்றில் மிகச் சிறியது அதுதான். ஆனால் பழைய லேப்டாப், மலிவு விலைக் கைபேசி என்று எங்கே திறந்தாலும் ஏறத்தாழ ஒரே மாதிரி வருவதும் அதுதான்.

சிறிய வெளிக்குள் பெரிய நிறங்களை எப்படி அடக்குகிறார்கள் என்பதில்தான் ரசிக்க நிறைய இருக்கிறது. மயில்கழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். நீலப் பாவில் பச்சை ஊடை ஓடினால், புடவையை அசைக்க அசைக்க ஒன்று தணிந்து மற்றது மேலே வரும். தட்டையாக விரித்து நேர் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டும் கலந்து, பெயர் சொல்ல முடியாத ஒரு நடுநிறம்தான் கிடைக்கும். தெரிந்தவர்கள் மடிப்பு வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விட்டு எடுப்பார்கள். மடிப்பின் முகட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். அந்தப் பச்சையின் உச்சம் எஸ்.ஆர்.ஜி.பி.க்கு வெளியே போய்விடலாம். மாற்றும்போது கொஞ்சம் மங்கத்தான் செய்யும். ஆனால் மயில்கழுத்தின் உயிர் பச்சையின் அடர்த்தியில் இல்லை, பக்கத்து நீலத்தோடு அது மாறி மாறி வருவதில் இருக்கிறது. அந்த மாற்றம் சிறிய வெளியிலும் நிற்கும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூவுக்கு இந்தக் கவலை குறைவு. மூன்று நிறவெளிகளுக்கும் நீல முனை, அதாவது அவை எட்டக்கூடிய மிகச் செறிவான நீலம், ஒன்றுதான். அந்த ஆழ்ந்த நீலத்துக்காக அகலமான வெளியைத் தேடுவதில் பெரிய லாபம் இல்லை. அரக்கும் அப்படித்தான், இருண்ட சிவப்பு என்பதால் எஸ்.ஆர்.ஜி.பி.யில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும்.

படுத்துவது ராணி பிங்க், எஸ்.ஆர்.ஜி.பி.க்குள் அது எளிதில் அடங்காது. கேமராவை அடோபி ஆர்.ஜி.பி.க்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சிவப்பு முனையும் நீல முனையும் அங்கேயும் அதேதான். இரண்டுக்கும் நடுவில் விழுகிற பிங்குக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கெட்டுப்போன ஒரு ராணி பிங்க் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிவப்பு எண் எல்லாப் புள்ளியிலும் 255இல் முட்டி நிற்கும். மடிப்பு இல்லை, ஊடையின் வரி இல்லை, புட்டாவின் ஓரம் கரைந்திருக்கும். பட்டு பிளாஸ்டிக் தாளாகிவிட்டது. கைதேர்ந்தவர் அந்த ஒரு நிறத்தின் செறிவை மட்டும் மெல்ல இறக்கி, சிவப்பை 255க்குக் கீழே கொண்டுவருவார். பிங்க் ஒரு பிடி தணியும். இழை திரும்ப வந்துவிடும். நிறம் கொஞ்சம் குறைந்தாலும் நெசவு தெரிய வேண்டும் என்பதே என் கட்சி. நிறத்தைக் கூட்டி நெசவைத் தொலைத்த படத்தைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

கவனமின்மையால் கெடுவதும் உண்டு. அடோபி ஆர்.ஜி.பி.யில் எடுத்த படத்தை மாற்றாமல் ஏற்றி, எந்த நிறவெளி என்று சொல்லும் அதன் புரோஃபைல் வழியில் கழன்றுவிட்டால், எண்கள் அப்படியே இருக்கும், அவற்றின் பொருள் போய்விடும். காட்டும் மென்பொருள் அதை எஸ்.ஆர்.ஜி.பி. என்று எடுத்துக்கொள்ள, கிளிப்பச்சை வெளுத்துத் தெரியும். முறையாக மாற்றி, புரோஃபைலையும் உள்ளே வைத்து அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை.

ஜரிகை இந்தக் கணக்கு எதிலும் வராது. வெள்ளிக் கம்பியைப் பட்டு இழையில் சுற்றித் தங்கமுலாம் பூசியது அது. எந்த நிறவெளியிலும் பொன் என்றொரு எண் கிடையாது. திரையில் அது ஒரு கடுகு மஞ்சள்தான். பக்கத்துப் பக்கத்து இழைகளில் ஒன்று ஏறக்குறைய வெள்ளையாக, அடுத்தது பழுப்பாக விழும்போதுதான் கண் அதைப் பொன் என்று எடுத்துக்கொள்கிறது. செறிவைக் கூட்டுபவர்கள் முந்தானையில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். விளக்கைச் சரித்து வைப்பவர்களுக்கு ஜரிகை கிடைக்கிறது.

பி3 திரைகள் பெருகிக்கொண்டிருக்கின்றன, எஸ்.ஆர்.ஜி.பி.யைக் கைவிடும் காலமும் வரலாம். அதனால் அனுப்புவது எஸ்.ஆர்.ஜி.பி.யாக இருந்தாலும், மூலத்தை, கேமரா பதிவு செய்தபடியே இருக்கும் ரா கோப்பாகவே வைத்துக்கொள்ள வேண்டும். அதில் எந்த நிறவெளியும் இன்னும் முடிவாகியிருக்காது. உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைத்துக் கைத்தறியில் நெய்த புடவை விற்றுப்போனால் போனதுதான். இன்னொரு முறை படம் எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்ட முடியாது.